ஆரி வேலையைத் தொழிலாக்கப் போகிற தங்கச்சிக்கு

கேள்வி இதுதான்: "அக்கா, எனக்கு வயது 27. சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் இருக்கிறேன். ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் மாதம் 2,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம், ஷிப்ட் வேலை. நான்கு வருடமாக வீட்டில் ஆரி (கொக்கி ஊசியால் போடும் பூவேலை) பிளவுஸ் போடுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் கை நன்றாக இருக்கிறது, கடை போடு என்கிறார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை 900 வெள்ளி வாடகைக்கு வருகிறது. வேலையை விட்டுவிடலாமா? கடை எடுக்கலாமா? அப்புறம், மாமா மகள் கல்யாணத்துக்கு 250 வெள்ளிக்கு பிளவுஸ் ஒத்துக்கொண்டுவிட்டேன். சொந்தக்காரர்களிடம் விலை எப்படிச் சொல்வது?"

தங்கச்சி, நான் இதே ஊரில் 19 வருடமாக ஊசி பிடிக்கிறவள். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் வேலையை விட வேண்டாம். அந்தக் கடையும் வேண்டாம். ஆனால் தொழிலை இன்றைக்கே தொடங்குங்கள். ஏன் என்று சொல்ல, உங்கள் மூன்றாவது கேள்வியில் இருக்கிற 250 வெள்ளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பிளவுஸ் என்றால் என்னென்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். டிசைன் வரைந்து, டிரேசிங் தாளில் ஊசியால் ஓட்டை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் துணியில் தேய்த்து அச்சு இறக்க வேண்டும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சங்கிலித் தையல், ஜரி, சர்தோசி, கட் பீட்ஸ், குந்தன் கல் எல்லாம். இரண்டு கை, முதுகுக் கழுத்து, முன்கழுத்து என்று நிறைவாகப் போட்டால் என் கைக்கு 38 மணி நேரம் ஆகிறது. உங்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் ஆகும். மணி, நூல், லைனிங் எல்லாம் 70 வெள்ளி. வெட்டித் தைக்கத் தையல்காரரிடம் கொடுத்தால் 60. 250-இல் இந்த 130 போனால் மிச்சம் 120. அதை 38-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு ஏறக்குறைய 3 வெள்ளி 16 காசு.

நம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. எந்த அனுபவமும் இல்லாமல் இன்று காலை வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சட்டப்படி கிடைப்பதில் பாதிகூட நான்கு வருடம் பழகிய உங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. "கை நன்றாக இருக்கிறது, கடை போடு" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதே கணக்கோடு கடை போட்டால், நிறைய ஆர்டர் வரவர நீங்கள் வேகமாக நஷ்டப்படுவீர்கள்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், சீவி முடித்து, பால் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். அங்கே நிறுப்பார்கள், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதுவார். ஒரு கிலோ குறைத்து எழுதினாலும் அம்மா விடமாட்டார். நின்று கேட்டு வாங்குவார். அதே அம்மா சாயங்காலம் லயத்துக்கு வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்தார். அதை யாரும் நிறுக்கவில்லை. அம்மாவும் எழுதவில்லை. வாசலில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே தைத்ததால் அது வேலையாகவே யாருக்கும் தெரியவில்லை. நாமும் அப்படித்தான் தொடங்குகிறோம். சமையல் முடிந்து, டிவி ஓடும்போது, எல்லாரும் தூங்கிய பிறகு போடுகிற வேலை. அந்த நேரம் சும்மா கிடைத்தது போலத் தோன்றுகிறது. உங்கள் பாலை நீங்களேதான் நிறுக்க வேண்டும். நமக்குக் கிராணி கிடையாது.

அதனால் முதல் வேலை ஒரு நோட்டு. ஒவ்வொரு பிளவுஸுக்கும் ஒரு பக்கம். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், சாமான் விலை, ஈப்போவுக்குப் போய் வந்த பெட்ரோல், பிரித்துத் திரும்பப் போட்ட நேரம் எல்லாம் அதில் வரட்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) வாடிக்கையாளருக்கு டிசைன் படம் அனுப்பி, அவர் மாற்றி மாற்றிக் கேட்டு, நீங்கள் பதில் எழுதிய நேரத்தையும் எழுதுங்கள். அது சில சமயம் ஒரு பிளவுஸுக்கு மூன்று மணி நேரம் சாப்பிட்டுவிடும். மூன்று மாதம் இப்படி எழுதினால், எந்த டிசைன் உங்களுக்குச் சோறு போடுகிறது, எது உங்கள் சோற்றைத் தின்கிறது என்று தெரிந்துவிடும்.

சரி, நியாயமான விலை என்ன? உங்கள் கைக்கு மணிக்கு 10 வெள்ளி என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்வோம். 38 மணிக்கு 380. சாமானும் தையலும் 130. கரண்ட், பெட்ரோல், உடைந்த ஊசி, டெலிபோன் பில் என்று மேல்செலவுக்கு ஒரு 40. மொத்தம் 550. இதைக் கேட்டதும், "எங்கள் ஊரில் யார் அக்கா 550 கொடுப்பார்கள்?" என்று நினைப்பீர்கள். சிலர் கொடுப்பார்கள், பலர் கொடுக்கமாட்டார்கள். கொடுக்காதவர்களுக்காக விலையைக் குறைக்காதீர்கள். வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் நான் கற்றதிலேயே எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பிளவுஸைப் பார்க்கிறவர் கண் எங்கே போகிறது? மேடையில் நிற்கும் பெண்ணுக்கு மாலை இருக்கும், முன்கழுத்து தெரியாது. ஜடை இருக்கும், முதுகு பாதி மறையும். தெரிவது கை. அதிலும் முழங்கைக்கு மேல் நான்கு விரல்கடை. அங்கே அடர்த்தியாகப் போட்டு, மேலே போகப்போக புட்டாவாக, சிறு சிறு பூக்களாகச் சிதறவிட்டால், பார்வைக்கு நிறைவாக இருக்கும். கழுத்துக்கு இரண்டு வரிசைச் சங்கிலித் தையலும் ஒரு வரிசை மணியும் போதும். இப்படித் திட்டமிட்டு நான் 38 மணி வேலையை 14 மணிக்குக் கொண்டுவந்தேன். 140 வெள்ளி கைக்கூலி, 45 சாமான், 60 தையல், 40 மேல்செலவு. 285 வெள்ளி. நம் ஊர்க் குடும்பத்துக்கு இது எட்டும் விலை. இன்னும் கீழே, ஆறு மணி நேரத்தில் கழுத்துக்கு மட்டும் போட்டு, தையலை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏறக்குறைய 100 வெள்ளிக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்குப் பெரும்பாலும் போவது அதுதான்.

மூன்று விலைக்கும் ஒவ்வொரு மாதிரி பிளவுஸ் போட்டு வீட்டில் மாட்டி வையுங்கள். வருகிறவர் தொட்டுப் பார்த்து, தன் கைக்கு எட்டுவதைத் தானே சொல்லுவார். நீங்கள் பேரம் பேச வேண்டியிருக்காது.

550 கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்றேனே, அவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டங்களிலிருந்து கிளம்பிப் போன பிள்ளைகள் இப்போது ஷா ஆலாமிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணத்தை மட்டும் அப்பா அம்மா இருக்கிற ஊரில் வைக்கிறார்கள், பள்ளி விடுமுறையாகப் பார்த்து. அந்தப் பெண்கள் கோலாலம்பூர் கடை விலை தெரிந்தவர்கள். அளவுக்குச் சரியாக இருக்கும் பழைய பிளவுஸ் ஒன்றையும் புடவையின் முந்தானைப் படத்தையும் தபாலிலும் புலனத்திலும் அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்துத் தையல் ஓரம் ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குள் பெண் இளைத்தாலும் பருத்தாலும் சரிசெய்துவிடலாம். எனக்கு வரும் பெரிய ஆர்டர்களில் பாதிக்கு மேல் இப்படி வெளியூரிலிருந்து வருபவைதான். உங்கள் வீடு சுங்கை சிப்புட்டில் இருக்கலாம். வாங்குகிறவரும் இங்கேயே இருக்க வேண்டும் என்று இல்லை.

இன்னொரு பயம் உங்களுக்கு இருக்கும், கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து வரும் ரெடிமேட் ஆரி பிளவுஸ் ஷாப்பியிலும் டிக்டாக் நேரலையிலும் மிகக் குறைந்த விலைக்குப் போகிறது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வேறு. அவற்றோடு விலையில் போட்டி போட முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் அந்த பிளவுஸ் வாங்கியவர்கள் உங்களிடம் வருவார்கள். கை இறுக்கம், கல் உதிர்ந்துவிட்டது, புடவை பார்டர் நிறத்துக்குச் சேரவில்லை என்று. பழுது பார்க்கிற வேலையை இழிவாக நினைக்காதீர்கள். ஒரு மணி நேரம், 25 வெள்ளி, சாமான் செலவு ஏறக்குறைய இல்லை. அப்படி வந்தவர்தான் அடுத்த முறை மகள் சடங்குக்கு ஆர்டர் கொடுக்கிறார்.

கல் உதிர்வது பற்றிச் சொன்னேன். அது என் கையாலேயே நடந்திருக்கிறது. தொடங்கிய மூன்றாவது வருடம், நேரம் போதாமல் குந்தன் கல்லைத் தைக்காமல் பசையால் ஒட்டிவிட்டேன். பசை முழுதாகக் காய ஒரு நாளாவது வேண்டும். நான் நாலு மணி நேரத்தில் மடித்துக் கொடுத்தேன். மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் கையிலிருந்து கல் உதிர்ந்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கல்லை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் குடும்பத்திலிருந்து அதன்பிறகு ஓர் ஆர்டரும் வரவில்லை. இன்றுவரை எந்தக் கல்லையும் சுற்றி நூல் கட்டாமல் நான் விடுவதில்லை. அதேபோல நம் ஊர் ஈரக்காற்றில் ஜரி சீக்கிரம் கறுத்துவிடும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, சென்ட் அடிக்காமல் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். அதை ஒரு சிறிய தாளில் தமிழில் அச்சடித்து பிளவுஸோடு வைத்துவிடுங்கள்.

அடுத்தது தேதி. ஒரு தீபாவளிக்கு 23 பிளவுஸ் ஒத்துக்கொண்டேன். 17-தான் முடிந்தது. மிச்சம் ஆறு குடும்பத்துக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் போன் செய்து சொன்ன அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியாது. பிள்ளைக்குப் புதுத்துணி என்பது தோட்டத்துக் குடும்பங்களில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அதை நானே கெடுத்தேன். அதற்குப் பிறகு வைத்த விதிதான் இன்றும். தீபாவளிக்கு இத்தனைதான் என்று மணிக்கணக்குப் போட்டு முதலிலேயே முடிவு செய்வேன். பாதிப் பணம் முன்பணம். முன்பணம் வந்த வரிசையில்தான் இடம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆர்டரை மூடிவிடுவேன், என் அக்காவே கேட்டாலும். முன்பணம் வாங்குவது அவநம்பிக்கை என்று சிலர் நினைப்பார்கள். மணியும் நூலும் வாங்க வேண்டும், அதற்குத்தான் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

இப்போது கடைக்கு வருவோம். 900 வெள்ளி வாடகை. நுழையும்போதே இரண்டு மாத டெபாசிட், கரண்ட் தண்ணீர் டெபாசிட், பலகை, விளக்கு. அதை விடுங்கள், மாத வாடகையை மட்டும் பாருங்கள். ஊசி பிடித்து உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் நல்ல வேலை செய்ய முடியாது. கண்ணும் கழுத்தும் விடாது. 26 நாளுக்கு 156 மணி. 14 மணி பிளவுஸ் என்றால் மாதம் 11. ஒவ்வொன்றிலும் மேல்செலவுக்கு வைத்த 40 முழுவதையும் வாடகைக்கே கொடுத்தாலும் 440 வெள்ளிதான் வரும். மீதி 460 உங்கள் கைக்கூலியிலிருந்து போகும். யாருக்காகக் கடை? நம் தொழிலில் நடந்து போகிறவர் பார்த்துவிட்டு உள்ளே வந்து வாங்குவது மிகக் குறைவு. ஒருவர் சொல்லி, ஒருவர் படம் பார்த்து, தேடித்தான் வருவார்கள். வீட்டு முன்னறையில் ஒரு நல்ல விளக்கு, ஒரு ஆளுயரக் கண்ணாடி, மாதிரிகள் மாட்ட ஒரு கம்பி. அது போதும். பட்டணத்தில் இருக்கும் புடவைக் கடையிலும் உங்கள் தையல்காரரிடமும் ஒவ்வொரு மாதிரி வைத்து, ஆர்டர் கொண்டுவந்தால் பத்து விழுக்காடு தருகிறேன் என்று பேசுங்கள். தீபாவளிச் சந்தைக் காலத்தில் மட்டும் ஒரு மேசை எடுங்கள்.

வேலையை விடுவது. இதிலும் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் சம்பளம் 2,000 இல்லை. முதலாளி ஊழியர் சேமநிதியில் 13 விழுக்காடு போடுகிறார், அது 260. ஆக 2,260, அதற்கு மேல் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி), மருத்துவ விடுப்பு, பிரசவ விடுப்பு. ஆரியில் 156 மணி முழுதாக வேலை இருந்தாலும் மணிக்கு 10 என்றால் 1,560. இதனால்தான் இந்த மாதம் வேண்டாம் என்றேன். மணிக்கு 15 வெள்ளி என்று விலை சொல்லவும், அந்த விலைக்கு ஆர்டர் நிறையவும் செய்கிற நாள் வந்தால் 2,340. அப்போது அதே 14 மணி பிளவுஸ் 355 ஆகும். முதல் வருடம் 10, அடுத்து 12, அப்புறம் 15 என்று ஏற்றுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். நோட்டில் ஆறு மாதத்துக்குச் சேர்ந்தாற்போல அந்தத் தொகையைப் பார்த்த பிறகு, ஆறு மாதச் செலவுக்குப் பணமும் வங்கியில் இருக்கும்போது, ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள். இரண்டரை வருடம் ஆகலாம். ஷிப்ட் முடிந்து வந்து ஊசி பிடிப்பது கஷ்டம்தான், நானும் நாலு வருடம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதுதான் குறைந்த விலைக்குக் கேட்பவரிடம் "முடியாது" என்று சொல்லும் தைரியம் இருக்கும். அரிசி இல்லாத வீட்டில் இருந்து அந்த வார்த்தை வராது.

அவ்வளவு பணம் சேர்க்க முடியுமா என்று கேட்டால், நம் ஊர்க்காரரான அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை நினைத்துப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம். தோட்டம் தோட்டமாகப் போய், நூறு வெள்ளிப் பங்குக்குப் பத்து வெள்ளி முதலில் கொடுங்கள் என்று தொழிலாளர்களிடம் கேட்டார். அந்தப் பத்துப் பத்தாகச் சேர்ந்த பணத்தில்தான் தோட்டங்களே வாங்கப்பட்டன. ஒவ்வொரு பிளவுஸ் பணத்திலும் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். கூட்டுச் சீட்டை நம்பி மெஷின் வாங்காதீர்கள், ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

கடன் தேவைப்படுகிற காலம் வரும். அப்போது சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியர்களுக்கென்று ஸ்பூமி திட்டம் இருக்கிறது. 1987 முதல் சிறுகடன் கொடுத்துவரும் அமானா இக்தியார் மலேசியா, இந்தியப் பெண்களுக்காக 'பெண்' என்ற பெயரிலேயே 2024-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. உங்கள் நோட்டும் வங்கிக் கணக்கும் கையில் இருந்தால் அங்கே போய்ப் பேசுவது எளிது. மெஷினுக்கு வாங்குங்கள். வாடகைக்கும் பலகைக்கும் வாங்காதீர்கள்.

காகித வேலை குறைவுதான், பயப்பட வேண்டாம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. இணையத்திலேயே செய்யலாம். பதிந்ததும் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்குப் பணம் வாங்க ஒரு டுவிட்நவ் கியூஆர். வீட்டுப் பணமும் மணி வாங்கும் பணமும் ஒரே பையில் இருந்தால் நோட்டு எழுதியே பயனில்லை. சம்பளத்தோடு தொழில் வருமானமும் சேர்ந்தால் வருமான வரிக்கு பி பாரம், கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு, சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ திட்டத்தில் மாதம் 13 வெள்ளி 10 காசிலிருந்து சேரலாம், வேலையில் ஏற்படும் விபத்துக்கு அது கைகொடுக்கும். சேமநிதியிலும் ஐ-சாரான் மூலம் நீங்களே போடலாம். 2025 முதல் போடுகிற பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, வருடத்துக்கு 500 வெள்ளி வரை சேர்த்துக் கொடுக்கிறது. முதலாளி போட்ட 260-க்கு இது ஈடில்லைதான், ஆனாலும் விடக்கூடாத பணம்.

ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். முதல் வருடம் ஆடியில் நான் அழுதேன். இப்போது அந்த மாதத்துக்காகவே சில வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். புடவைக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்து அயர்ன் பண்ணிப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பது, சீர்த்தட்டுத் துணி, ஆரி போட்ட இடுப்பு பெல்ட். தைப்பூசத்துக்குக் காவடி கட்டுகிறவர்களைப் பார்த்துத்தான் பெல்ட்டை வாடகைக்கு விடும் யோசனை வந்தது. ஒரு நல்ல காவடியை விற்றுவிட்டால் ஒருமுறைதான் பணம், வாடகைக்கு விட்டால் வருடா வருடம் பணம். பிளவுஸ் ஒருவர் அளவுக்குத்தான் சேரும். பெல்ட் கொக்கி மாற்றினால் எல்லாருக்கும் சேரும். 20 மணி நேரம் போட்ட ஒரு பெல்ட்டை 40 வெள்ளி வாடகைக்கு இதுவரை 31 முறை கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், சொல்லிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், நாலு பேர், தலைக்கு 30 வெள்ளி. மணிக்கு 60 வெள்ளி ஆகிறது. எந்த பிளவுஸும் அதைத் தராது. ஊரில் போட்டி வந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். என்னிடம் கற்றவர்களில் இருவர்தான் தொடர்ந்து போடுகிறார்கள். தீபாவளிக்கு என் கைக்கு மீறிய ஆர்டரை இப்போது அவர்களுக்குத்தான் கொடுக்கிறேன். அந்த ஆறு குடும்பத்துக்கு அன்றைக்கு இவர்கள் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

டிசைன் திருட்டு பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் வரைந்ததற்கு உரிமை உங்களுடையது. பதிய வேண்டும் என்றுகூட இல்லை, 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஊரில் ஒருவர் பார்த்துப் போட்டார் என்று அலைந்தால் உங்கள் நேரம்தான் போகும். அடுத்தவர் போட்ட பிளவுஸின் படத்தை மட்டும் உங்கள் வேலை என்று ஒருபோதும் போடாதீர்கள். சின்ன ஊர். ஒருமுறை தெரிந்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வாசல் வரை நடங்கள். கறுப்புத் துணி வேலையைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள். சட்டத்தை மடியில் வைத்துக் குனியாமல், மேசை உயரத்துக்கு ஏற்றுங்கள். நான் ஏற்றாமல் இருந்த பத்து வருடத்துக்கு என் கழுத்து இப்போது பதில் சொல்கிறது.

கடைசியாக உங்கள் மாமா மகள். 250 என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், அதை மாற்றாதீர்கள். கல்யாண வீட்டில் விலையை ஏற்றினால் அந்தப் பேச்சு உங்கள் அத்தை வரைக்கும் போகும். ஆனால் டிசைனை நீங்கள் தேர்ந்தெடுங்கள். 14 மணி வேலை, கை அடர்த்தி, முதுகில் அவள் பெயருடைய, மாப்பிள்ளை பெயருடைய முதலெழுத்துகள். அவளுக்கு மனம் நிறையும். அவள் 38 மணி வேலைதான் வேண்டும் என்று சொன்னால், பில்லில் முழு விலை 550 என்று எழுதுங்கள். அதற்குக் கீழே "அக்காவின் கல்யாணப் பரிசு 300" என்று எழுதிக் கழியுங்கள். மிச்சம் 250. அப்போது நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அவளுக்கும் தெரியும், பக்கத்தில் நின்று பார்க்கிற சித்திக்கும் தெரியும். அடுத்த மாதம் அந்தச் சித்தி தன் மகளுக்குக் கேட்டு வரும்போது எந்த விலையிலிருந்து பேச்சு தொடங்கும் என்று பாருங்கள்.

பரிசு கொடுப்பது வருடத்துக்கு எத்தனை பேருக்கு என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு இரண்டு. இந்த வருடம் ஒன்று முடிந்துவிட்டது, இன்னொன்று என் தம்பி மகளுக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அதனால் வேறு யாரும் கேட்பதில்லை. பில்லை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்றை பிளவுஸ் பையில் வைத்துக் கொடுங்கள். மற்றதை நோட்டில் அவளுடைய பக்கத்தில் ஒட்டி, கீழே எத்தனை மணி ஆனது என்று எழுதி வையுங்கள்.